பழைய ஆமி லொறியை வீட்டு வளவில் திருத்துவது: வன்னியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஆமி லொறியை ஏலத்தில் எடுத்து வளவுக்குள் கொண்டுவந்து விட்டதும் ஆட்கள் முதலில் கை வைப்பது பெயின்ற்றில். பிறகு சாமான் ஏற்றும் பெட்டி, பிறகு காதைக் கிழிக்கிற ஹோர்ன், பிறகு பாட்டுப் பெட்டி. பிரேக் கடைசியாகத்தான் ஞாபகம் வரும், அதுவும் குளக்கட்டிலிருந்து இறங்கும்போது. இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் பிடித்தால் சரி. முதலில் வண்டி நிற்க வேண்டும், அப்புறம் ஓட வேண்டும், அதன் பிறகுதான் அதன் முதுகில் என்ன ஏற்றுவது என்ற பேச்சு. கராஜில் விட்டுச் செய்விக்கக் காசு உள்ளவர்களுக்கு இது தேவையில்லை. வளவில் ஒரு வேப்பமர நிழலும் உதவிக்கு ஒரு தம்பியும் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த வண்டிகளுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025இல் திரும்பத் திறந்தபோது வரியோடு சேர்த்து விலை எங்கேயோ போய்விட்டது, ஆனால் துணுக்காய், மல்லாவிப் பக்கத்துக் களி வயலில் காலபோக நெல்லை ஏற்றி வெளியே எடுக்க ஏதாவது ஒன்று வேண்டும். கன்டர் மாதிரிச் சின்ன லொறி புதையும் இடத்தில் நாலு சில்லும் இழுக்கிற லொறி வெளியே வரும். அதுதான் காரணம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது

நம்மிடம் அதிகம் வந்து சேர்வது இந்தியத் தயாரிப்பான அசோக் லேலன்ட்டும் டாட்டாவும்தான், இடைக்கிடை யப்பான் வண்டிகளும் வரும். முதல் தடவை என்றால் இந்திய வண்டியையே எடுங்கள். இ.போ.ச. பஸ்களும் அதே இரண்டு கம்பனிகளுடையவை என்பதால் பிரேக் லைனிங், பில்டர், கிளச் பிளேட் போன்றவை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்க வாய்ப்பு அதிகம், இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். பழைய சாமானைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள், பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், ஒரே பெயரில் மூன்று அளவு இருக்கும். பழைய பிரித்தானிய வண்டி பார்க்க அழகுதான், ஆனால் அங்குல ஸ்பனர் தனியாக வேண்டும், சாமானுக்கு நாயாய் அலைய வேண்டும்.

கடதாசி விஷயத்தில் இரக்கமே வேண்டாம். ஓடுகிற வண்டியாகப் பதிவு செய்யக்கூடிய நிலையில் விற்கிறார்களா, பழைய இரும்பாக விற்கிறார்களா என்பதை ஏல அறிவித்தலிலும் விற்பனைக் கடிதத்திலும் வாசித்துப் பாருங்கள். செசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் இரும்புத் தூரிகையால் தேய்த்து, கடிதத்தில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். படையில் என்ஜினை மாற்றிப் போட்டிருப்பார்கள், கடதாசியில் பழைய இலக்கம் கிடக்கும். இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்த வண்டி என்றால் முதல் விற்பனைக் கடிதத்திலிருந்து சங்கிலி அறாமல் இருக்க வேண்டும். அறுந்திருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இலக்கம் சரியென்றால் அடுத்தது வண்டிக்குக் கீழே படுத்துப் பார்ப்பது. செசியின் இரண்டு நீட்டு உருக்குச் சட்டங்களிலும் வில்லுத்தகடு பிடிக்கும் இடங்கள், குறுக்குச் சட்டம் சேரும் இடங்கள், கொழுக்கி பூட்டிய பின் பக்கம், இந்த மூன்றிலும் வெடிப்பு இருக்கலாம். துருவின் கோடு ஒன்று பெயின்ற்றுக்கு மேலால் கசிந்து நின்றால் அதற்குக் கீழே வெடிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் செத்திருந்தால் வேறு என்ஜின் தேடலாம், செசி முறிந்த வண்டியை யாரும் நேராக்கித் தரப்போவதில்லை.

கை வைக்க முன்

இதை வன்னியில் எழுதுவதால் முதலில் எழுதுகிறேன். சீற்றுக்குக் கீழ், கருவிப் பெட்டிக்குள், கதவுத் தகட்டின் பின்னால், பெட்டித் தரைப் பலகையின் இடுக்கு, எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். சன்னம், கைக்குண்டின் துண்டு, என்னவென்று தெரியாத உருளை, எது கண்ணில் பட்டாலும் தொடாமல் விலகி 119க்கு அழையுங்கள். அதே மாதிரி, திருத்துவதற்கு இரும்பு வேண்டும் என்று பற்றைக்குள்ளிருந்து எடுத்த குழாயையோ தகட்டையோ வெட்டவும் ஒட்டவும் வேண்டாம். பழைய இரும்பு வெட்டப் போய்ச் செத்தவர்களும் கையை இழந்தவர்களும் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கினாலும் இரண்டு பக்கமும் திறந்திருக்கிற, உள்ளே பார்க்கக்கூடிய சாமானைத்தான் வாங்க வேண்டும்.

இனி வண்டியைத் தூக்குவது. போத்தல் ஜாக்கைச் செம்மண்ணில் நேரே வைத்தால் வண்டி எழும்பாது, ஜாக்தான் இறங்கும். இரண்டு அங்குலத் தடிப்பில் அகலமான பலகை ஒன்றைக் கீழே போடுங்கள். தூக்கியதும் அச்சுக்குக் கீழே குற்றி அடுக்க வேண்டும், வெறும் ஜாக்கில் நிற்கிற வண்டிக்குக் கீழே தலையை விடவே கூடாது. மரக்காலையில் பாலை அல்லது முதிரைக் கழிவுத் துண்டுகள் கிடைக்கும், அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவதுதான் நல்லது. பனங்குற்றி நார் வழியே பிளக்கும். சீமெந்துக் கல் இன்னும் மோசம், அது வெடித்துச் சிதறுமுன் எந்த அறிகுறியும் காட்டாது. தூக்காத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பதையும் மறக்க வேண்டாம்.

சில்லு

புதியவர்களுக்குத் தெரியாமல் இருக்கிற, ஆளைக் கொல்லக்கூடிய விஷயங்கள் இந்த வண்டியில் இரண்டு இருக்கின்றன. ஒன்று சில்லு. கார்ச் சில்லு ஒரே துண்டு. ஆமி லொறியின் சில்லு பல துண்டு. சிலதில் ஓரத்தில் ஒரு பூட்டு வளையம் இருக்கும். சிலதில் இரண்டு பாதி றிம்மை வட்டமாக நட் போட்டு இறுக்கியிருப்பார்கள், பிரித்தானிய வண்டிகளில் அந்த நட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்திருப்பார்கள். காற்று உள்ளபோது அவற்றைத் தளர்த்தினால் றிம் இரண்டாகப் பிரிந்து பறக்கும். எனவே சில்லைக் கழற்றத் தொடங்குமுன் வால்வின் ஊசியையே கழற்றி, காற்று முழுவதும் இறங்கியதை உறுதி செய்துவிட்டுத்தான் ஸ்பனரை எடுக்க வேண்டும். எந்த நட் சில்லை அச்சோடு பிடிக்கிறது, எந்த நட் றிம்மைப் பிடிக்கிறது என்று சோக்கால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். பூட்டு வளைய டயருக்கு வீட்டில் காற்று அடிக்க வேண்டாம். இரும்புக் கூடு வைத்திருக்கிற டயர் கடைக்குக் கொண்டுபோங்கள், போகிற கூலியைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

சில பழைய வண்டிகளில் இடப்பக்கச் சில்லு நட்டுகள் இடப்புரி, வல வளமாகத் திருப்பினால்தான் தளரும். நட் பூட்டுகிற ஸ்ரட்டின் முனையில் ‘எல்’ என்ற எழுத்து அடித்திருக்கும். அது தெரியாமல் நீட்டுக் குழாயைப் போட்டு ஆட்டினால் ஸ்ரட் முறியும், அதன்பிறகு முறிந்த துண்டை வெளியே எடுப்பதற்கு வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

டயரின் பூவைப் பார்த்து ஏமாற வேண்டாம். முகாமில் நின்ற வண்டியின் டயரில் பூ புத்தம் புதிதாக இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் ஒன்று இருக்கும், முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் ஆண்டு. 2311 என்றால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. பத்து வயது தாண்டியதும், பக்கச் சுவரில் நகம் போகிற அளவு வெடிப்புள்ளதும் முன்னுக்கு வேண்டவே வேண்டாம். ரீபில்ட் டயர் போட்டால் பின்னுக்குப் போடுங்கள், முன்னுக்கு நல்ல டயர்.

பிரேக்

ஆளைக் கொல்லும் இரண்டாவது விஷயம் இங்கே. காற்றுப் பிரேக் உள்ள வண்டிகளில் பின் சில்லுக்குப் பக்கத்தில் இரட்டைப் பானை மாதிரி ஒன்று பூட்டியிருந்தால், பின் பானைக்குள் பெரிய வில்லுச் சுருள் ஒன்று அமுங்கிக் கிடக்கிறது. காற்று போனால் வண்டியை நிறுத்திப் பிடிப்பது அதுதான். அந்தப் பானையைச் சுற்றியுள்ள பட்டியை வீட்டில் ஒருபோதும் கழற்றக்கூடாது. அதற்கென்று உள்ள நீட்டு ஆணியைப் பின்னாலிருந்து செருகிச் சுருளைப் பூட்டிய பிறகுதான் பானையையே வண்டியிலிருந்து இறக்கலாம். பழுதென்றால் முழுப் பானையாக மாற்றுங்கள். பழையதை இரும்புக்குக் கொடுக்கும்போதும் உள்ளே சுருள் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள், வெட்டப்போகிறவனுக்கும் வீடு குடும்பம் இருக்கிறது.

மற்றதெல்லாம் பொறுமையான வேலை. ஒவ்வொரு சில்லாக எடுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்தால் எது எங்கே இருந்தது என்று தெரியாமல் போகும், ஒரு பக்கம் பிரித்தால் மறு பக்கத்தை அப்படியே விட்டுப் பார்த்துப் பூட்டலாம். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கிற தூசைக் காற்று அடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைப் பைக்குள் கட்டிப் போடுங்கள். லைனிங்கில் ஒயில் பட்டிருந்தால் பெற்றோலில் கழுவிப் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அது பலிக்காது, சூடேறும்போது உள்ளே ஊறிய ஒயில் திரும்ப வரும். லைனிங்கையும் ஒயில் விட்ட சீலையும் சேர்த்து மாற்றுங்கள். ரப்பர்க் குழாய்கள் எந்த வயதென்றாலும் எல்லாம் புதிதாக. பிரேக் ஒயில் உள்ள வண்டி என்றால் பழைய ஒயிலை முழுவதும் வெளியேற்றி, திறக்காத போத்தலிலிருந்து புதிதாக ஊற்றி, தூரச் சில்லிலிருந்து தொடங்கிக் காற்று எடுங்கள். அந்த ஒயில் ஈரத்தை உறிஞ்சும், மாரி முழுவதும் மூடி திறந்து கிடந்த போத்தலைப் பாவிப்பது வீண்.

காற்றுத் தாங்கிகளின் அடியிலுள்ள குழாயைத் திறந்து தண்ணீரை விடுங்கள். முதல் தடவை கபில நிறத் தண்ணீரும் ஒயிலும் வாளிக் கணக்கில் வந்தாலும் ஆச்சரியமில்லை. அப்புறம் ஒவ்வொரு நாள் மாலையும் இதைச் செய்ய வேண்டும். என்ஜினை ஓடவிட்டுக் காற்றை நிரப்பி, நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு மானியைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கேயோ கசிகிறது. சவர்க்காரத் தண்ணீரும் தூரிகையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகப் போனால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

என்ஜின்

நீண்ட நாள் நின்ற என்ஜினுக்கு முதலில் பற்றரியைக் கொடுக்காதீர்கள். ஒயிலையும் பில்டரையும் மாற்றி, முன் கப்பியின் நட்டில் நீட்டுக் கம்பி போட்டுக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் டீசலைப் பீச்சுகிற நொசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் ஒயில் விட்டு ஒரு நாள் வைத்துவிட்டுத் திரும்ப முயலுங்கள். பலவந்தம் கூடாது.

டீசல் தாங்கியை இறக்கிக் கழுவத்தான் வேண்டும். அடியில் தண்ணீரும் கறுப்புச் சளியும் துருவும் கிடக்கும், அது பம்முக்குள் போனால் பம்மின் விலை உங்கள் வண்டியின் விலையில் பாதி. தாங்கியில் ஓட்டை இருந்தால் வளவில் வெல்டிங் பிடிக்க வேண்டாம், காலியான தாங்கிதான் நிறைந்த தாங்கியை விட மோசமாக வெடிக்கும். பிறகு கை பம்மை அடித்து, பில்டருக்கு மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றெடுத்து இறுக்குங்கள். அதன்பின் நொசில் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, என்ஜினைச் சுற்றவிட்டு, டீசல் துளித்ததும் இறுக்குங்கள். துளிக்கிற இடத்துக்கு நேரே கையை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

முதல் ஸ்ரார்ட்டுக்கு முன் நிறுத்துகிற கம்பி வேலை செய்கிறதா என்று பாருங்கள். காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, என்ஜின் காற்று இழுக்கிற வாயை மூடக்கூடிய பலகைத் துண்டு ஒன்றுடன் ஒருவரை நிறுத்துங்கள். பம் இறுகி முழு டீசலில் சிக்கியிருந்தால் என்ஜின் கத்திக்கொண்டு ஏறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் காரும் மோட்டார் சைக்கிளும் ஓட்டிய மண் இது. அந்தக் காலத்து மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் கூட்டிவந்து என்ஜின் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள், எந்த நொசில் பழுது என்று காதாலேயே சொல்வார். ஆனால் அவரே டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓடலாம் என்று சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். டீசல் பம்முக்கு டீசலின் வழுவழுப்புத்தான் உயிர், மண்ணெண்ணெய்க்கு அது இல்லை.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதும் இங்கே பெரிய பழக்கம். நம் கிணறுகளின் தண்ணீர் கேத்தில் அடியில் என்ன செய்கிறது என்று பாருங்கள், அதே வெள்ளைச் சுண்ணாம்பு என்ஜின் குழிகளிலும் படியும். மாரியில் பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கூலன்ட்டோடு கலந்து ஊற்றுங்கள். வெக்கை நாடு என்று என்ஜின் சூட்டைச் சரியான அளவில் வைக்கிற தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியவும் வேண்டாம். அது இல்லாத என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசலைக் குடித்துப் புகை தள்ளும், புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள். சோளகக் காற்றுக் காலத்தில் புழுதி அள்ளும், காற்று பில்டரை அடிக்கடி திறந்து பாருங்கள்.

பற்றரியும் வயரும்

ஆமி லொறி பெரும்பாலும் 24 வோல்ற்று, இரண்டு 12 வோல்ற்றுப் பற்றரி தொடராக. புதியவர்கள் செய்வது, பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் ஒரு பற்றரியிலிருந்து மட்டும் வயர் எடுப்பது. அந்தப் பற்றரி இறங்கிக்கொண்டே போகும், மற்றது மிதமிஞ்சிச் சார்ஜாகிக் கொதிக்கும், இரண்டும் சாகும். 24ஐ 12ஆகக் குறைக்கும் கொன்வேட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள். பற்றரி மாற்றினால் இரண்டையும் ஒரே வகையில் ஒன்றாக மாற்றுங்கள். என்ஜின் ஓடும்போது மானியில் 28 வோல்ற்றுக்குக் கிட்ட இருந்தால் நல்லது.

படை வண்டியில் இருட்டில் ஓடுவதற்கான மங்கல் விளக்குகளும் அவற்றுக்கான பல நிலைச் சுவிச்சும் இருக்கும். அந்தச் சுவிச்சின் ஒரு நிலையில் பிரேக் விளக்கே எரியாது. எனவே அந்த முழுத் தொகுதியையும் எடுத்துவிட்டுச் சாதாரண லொறிச் சுவிச், ஒவ்வொரு விளக்குக்கும் தனிப் பியூஸ் என்று புதிதாக இழுப்பதுதான் சுகம். எலியும் அணிலும் கடித்த வயரைத் தேடித் தேடி ஒட்டுப்போடுவதை விட நேரமும் மிச்சம்.

நாலு சில்லு இழுவை

கியர்பெட்டிக்குப் பின்னால் உள்ள இரண்டாவது பெட்டிதான் முன் அச்சுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. அதிலும் இரண்டு அச்சிலும் அடைப்பானைத் திறந்து ஒயிலைப் பாருங்கள், பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் ஆற்றுக்குள் இறங்கித் தண்ணீர் போயிருக்கிறது. எல்லாவற்றையும் வடித்துப் புதிது ஊற்றுங்கள். அச்சின் மேலுள்ள சிறிய மூச்சுக் குழாயைக் கழுவி, ஒரு ரப்பர்க் குழாய் பூட்டிச் செசிக்கு மேல் வரை உயர்த்திக் கட்டினால் அடுத்த தடவை வாய்க்காலில் இறங்கும்போது தண்ணீர் உறிஞ்சாது. செலவே இல்லாத மாற்றம் இது, ஒருவரும் செய்வதில்லை.

ஏ9 தார் றோட்டில் நாலு சில்லு இழுவையைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிபரன்சியல் நடுவில் இல்லாத வண்டிகளில் திருப்பத்தில் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும், தாரில் டயர் வழுக்க இடமில்லாமல் பற்சில்லுகள் முறுகும், நெம்புகோல் இறுகி வெளியே வராது. சேற்றிலும் மணலிலும் மட்டும் போடுங்கள். இறுகிவிட்டால் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் விடும்.

பெட்டி மாற்றுவது

இப்போதுதான் மாற்றம். பல நல்ல வண்டிகள் கெட்டுப்போவதும் இங்கேதான். இந்த லொறியின் செசி வேண்டுமென்றே முறுகும்படி செய்யப்பட்டது. ஒரு முன் சில்லு வரம்பில் ஏறும்போது செசி முறுகிக் கொடுப்பதால்தான் மற்ற மூன்று சில்லும் மண்ணில் நிற்கின்றன. ஆமி போட்ட பெட்டியும் அதற்கு இடம் கொடுக்கிற மாதிரித்தான் பூட்டியிருக்கும், முன் பக்க ஆணிகளில் வில்லுச் சுருளோ ரப்பரோ இருக்கும். நம் ஆட்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்புச் சட்டத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கியைச் செய்து, அதைச் செசியோடு சேர்த்து வெல்டிங் பிடித்துவிடுவார்கள். முதல் மாரியிலேயே ஒன்று தாங்கி வெடிக்கும், இல்லாவிட்டால் செசி வெடிக்கும். வண்டி நாலு சில்லு இழுவையில் சேற்றுக்குள் போனாலும் ஒரு சில்லு அந்தரத்தில் சுற்றும், பிறகு ‘இது சரியில்லாத லொறி’ என்று பெயர்.

சரியாகச் செய்கிற முறை இதுதான். பெட்டிக்குத் தனியாக ஒரு துணைச் சட்டம் செய்யுங்கள். திறந்த பெட்டி என்றால் துணைச் சட்டத்தைப் பின் அச்சுக்கு மேல் இறுக்கமாகவும், முன் பக்கம் நீட்டு ஆணியும் சுருளும் போட்டு மேலே எழும்ப இடம் விட்டும் பூட்டுங்கள். சட்டத்துக்கும் செசிக்கும் இடையில் வைரமான பலகை ஒன்று நீளத்துக்கு வைத்தால் இரும்பும் இரும்பும் தின்னாது. தண்ணீர்த் தாங்கி, மூடிய அறை போன்ற முறுகாத சாமான் என்றால் மூன்று புள்ளிப் பிடி: பின்னுக்கு இரண்டு இறுக்கமான பிடி, முன்னுக்கு நடுவில் ஒரே ஒரு சுழலும் பிடி. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிற மாதிரி, செசி எப்படி முறுகினாலும் தாங்கிக்குத் தெரியாது.

செசிச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக்கூடாது, குறுக்கே வெல்டிங் கோடு இழுக்கவும் கூடாது. பலம் முழுவதும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. பிடிகளை நடுச் சுவரில், ஏற்கனவே உள்ள துளைகளில் ஆணி போட்டுப் பூட்டுங்கள். யூ ஆணி போடுவதென்றால் சட்டத்தின் உள்ளே ஒரு துண்டு முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் இறுக்கும்போது விளிம்பு நசியும். வேறெங்காவது வெல்டிங் பிடிக்கும்போது பற்றரி இரண்டையும் கழற்றி, ஆல்டர்னேற்றர் வயரையும் எடுத்து, ஏர்த் கொழுக்கியை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். தூரத்தில் போட்டால் மின்சாரம் பெயரிங்குகளுக்குள்ளால் போய் அவற்றைச் சுட்டுவிடும்.

பூட்டி முடிந்ததும் ஒரு முன் சில்லை ஓர் அடி உயரக் கட்டையில் ஏற்றி, பெட்டி எங்கே செசியை விட்டு எழும்புகிறது, எங்கே கபினோடு முட்டுகிறது, பிரேக் குழாயோ வயரோ எங்கே இழுபடுகிறது என்று சுற்றி வந்து பாருங்கள். மறு பக்கமும் அப்படியே.

நிறையையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. 5000 லீற்றர்த் தாங்கி என்றால் 5 தொன், தாங்கியின் இரும்பும் சட்டமும் அதற்கு மேல். கபினுக்குள் உள்ள தகட்டில் றோட்டுக்கு ஒரு சுமை, காட்டுக்கு அதைவிடக் குறைந்த சுமை என்று இரண்டு எழுதியிருந்தால், நீங்கள் வயலுக்குள் இறங்குகிறவர் என்றால் குறைந்ததுதான் உங்கள் கணக்கு. தாங்கிக்குள் துளையிட்ட குறுக்குத் தகடுகள் வேண்டும். அரைவாசித் தண்ணீரோடு வளைவில் திரும்பும்போது உள்ளே அலை ஒரு பக்கம் போய் மோதி வண்டியைப் புரட்டும், இந்த வண்டிகள் ஏற்கனவே உயரம்.

நிறமும் கடதாசியும்

பச்சையோடு றோட்டில் இறக்காதீர்கள். மறித்து விசாரிப்பார்கள் என்பது ஒரு காரணம். மற்றதை நான் விளக்க வேண்டியதில்லை, நம் ஊர் ஒழுங்கைக்குள் அந்த நிறம் வந்தால் எந்த வீட்டில் யார் எழும்பி நிற்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். வெளிர் நிறம் ஒன்றை அடியுங்கள், கபினுக்குள் வெக்கையும் குறையும்.

நிறம், பெட்டி வகை, என்ஜின் எது மாறினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சொல்லிப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். வெட்டத் தொடங்குமுன்னரே படத்தோடு போய்க் கேட்பது நல்லது, முடித்த பிறகு கேட்டு இல்லையென்றால் யாரிடம் அழுவது. வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழ், காப்புறுதி, லொறிக்கான தகுதிச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். கார் ஓட்டுகிற அனுமதிப்பத்திரம் இதற்குச் செல்லாது, மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரை சி1 வகுப்பு, அதற்கு மேல் சி. மணல் ஏற்றுகிற யோசனை இருந்தால் அதற்கு அனுமதி தனி.

முதல் ஓட்டம்

வெறும் பெட்டியோடு, பகலில், சனம் குறைந்த றோட்டில். வளவுக்குள் நடை வேகத்தில் பிரேக் பார்த்த பிறகுதான் கேற்றைத் திறக்க வேண்டும். கொஞ்சத் தூரம் போய் நிறுத்தி ஒவ்வொரு சில்லின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அல்லது பெயரிங் இறுக்கம். சில்லு கழற்றிப் பூட்டிய வண்டியில் நட்டுகள் தங்கள் இடத்தில் அமரும்போது தளரும், 50 கிலோமீற்றரில் ஒரு தடவை, 100இல் இன்னொரு தடவை எதிர் எதிராக இறுக்குங்கள். பரந்தனிலிருந்து புறப்பட்டால் முதல் தடவை மாங்குளம் தாண்டி வரும், அங்கே நிழல் பார்த்து நிறுத்தி இறுக்கிவிட்டு, வண்டிக்குக் கீழே குனிந்து எங்கே ஒயில் துளிக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டு தொடருங்கள்.